மாதம் 104 மணி நேரம்: தானாக ரீஸ்டார்ட் ஆகும் கம்ப்யூட்டரின் பற்று வரவு

ஸ்பின்னிங் மில்லில் ஒரு கணக்கு எழுதுவார்கள். 100 ஸ்பிண்டில் ஒரு மணி நேரம் சுற்றினால் நூல் எத்தனை முறை அறுந்தது என்ற கணக்கு. 1936இல் பி.ஏ.சி. ராமசாமி ராஜா தொடங்கிய ராஜபாளையம் மில்ஸுக்குப் பின் ஒன்றன்பின் ஒன்றாக மில்கள் வந்த ஊரில் இதைத் தனியாக விளக்க வேண்டியதில்லை. அறுவு கூடினால் பஞ்சைப் பார்ப்பார்கள், ஈரப்பதத்தைப் பார்ப்பார்கள், ரிங், டிராவலர் தேய்ந்திருக்கிறதா என்று பார்ப்பார்கள். ஒன்றையும் பாராமல் மெஷினை அடியோடு பிரித்து மாட்டுவோம் என்று எந்த மேஸ்திரியும் சொல்வதில்லை.

அதே காம்பவுண்டுக்குள் இருக்கும் ஆபீஸ் அறையில் கம்ப்யூட்டர் பட்டென்று இருண்டு, தானாகவே மறுபடி கிளம்புகிறது. ஒருமுறை காலையில், ஒருமுறை மதியத்துக்கு மேல். யாரும் எழுதி வைப்பதில்லை. பொறுக்க முடியாமல் போனபின் சர்வீஸுக்கு ஆள் வருகிறார். "விண்டோஸ் போயிருச்சு அண்ணாச்சி, ஃபார்மட் போட்டாத்தான் சரியாகும்." 500 ரூபாய், அரை நாள். நாலு நாள் ஒழுங்காக ஓடும். ஐந்தாம் நாள் பழைய கதை.

கணக்கைப் பார்த்துவிடுவோம். 10 கம்ப்யூட்டர் உள்ள ஓர் அலுவலகம் என்று வைத்துக்கொள்கிறேன். மில் ஆபீஸாகவோ, ஆடிட்டர் ஆபீஸாகவோ, சத்திரப்பட்டியில் பேண்டேஜ் துணி ஏற்றுமதி செய்பவர் இடமாகவோ இருக்கலாம். ஒரு நாளைக்கு ஒரு கம்ப்யூட்டர் இரண்டு முறை ரீஸ்டார்ட் ஆகிறது. பழைய ஹார்டு டிஸ்க் மெஷின் திரும்ப வேலைக்கு வர 4 நிமிடம். டாலி, எக்செல், மெயில் எல்லாவற்றையும் திறக்க 2 நிமிடம். எந்த பில்லில் நின்றோம் என்று தேடி, சேமிக்காமல் போனதைத் திரும்ப அடிக்க 6 நிமிடம். ஆக 12 நிமிடம்.

10 கம்ப்யூட்டர், 2 முறை, 26 வேலை நாள்: மாதம் 520 ரீஸ்டார்ட். 12ஆல் பெருக்கினால் 6,240 நிமிடம், அதாவது 104 மணி நேரம். ஒரு ஆள் மாதம் முழுக்கப் பார்க்கும் வேலை 208 மணி நேரம் (26 நாள், 8 மணி). அதில் சரிபாதி. 15,000 ரூபாய் சம்பளம் என்றால் மாதம் 7,500 ரூபாயும் வருடம் 90,000 ரூபாயும் இருண்ட திரைக்கு முன்னால் போகின்றன. பாதி ஆளை வேலைக்கு வைத்து, "நீ ஒன்றும் செய்ய வேண்டாம், உட்கார்ந்திரு" என்று சம்பளம் கொடுக்கிற முதலாளி இந்த ஊரில் கிடையாது. ஆனால் கொடுத்துக்கொண்டுதான் இருக்கிறார்கள்.

மில் பாஷையில் சொன்னால் 100 மெஷின் மணி நேரத்துக்கு 25 அறுவு. 10 கம்ப்யூட்டர் உள்ள இடத்தில் மாதத்துக்கு ஒன்றிரண்டு நடந்தால், 100 மணி நேரத்துக்கு 0.1 கூட வராது. அதற்கு அவசரமில்லை, நேரத்தைக் குறித்து வைத்தால் போதும். 25 என்றால் எங்கோ ஒரு பெரிய கோளாறு உட்கார்ந்திருக்கிறது.

பத்துக்கும் ஃபார்மட் போட்டால் கூலி 5,000. ஒவ்வொன்றுக்கும் 4 மணி நேரம் வேலை நின்றதற்கு 40 மணி நேரச் சம்பளம் சுமார் 2,885. மொத்தம் 7,885 ரூபாய். ஏறத்தாழ ஒரு மாத நஷ்டத்தைக் கையில் கொடுத்து, அடுத்த மாத நஷ்டத்தையும் சேர்த்து வாங்குகிறோம். ஃபார்மட் பலிக்கும் இடமும் உண்டு. டிரைவர் கெட்டிருந்தால், வைரஸ் புகுந்திருந்தால் பலிக்கும். அதை முன்கூட்டியே தெரிந்துகொள்ள வழி இருக்கும்போது சீட்டுக் குலுக்கிப் பார்ப்பானேன்?

வழி கம்ப்யூட்டருக்குள்ளேயே இருக்கிறது, செலவு பூஜ்யம். ஸ்டார்ட்டில் 'ஈவென்ட் வியூவர்' என்று தேடித் திறந்து, 'விண்டோஸ் லாக்ஸ்' என்பதற்குள் 'சிஸ்டம்' பகுதிக்குப் போங்கள். விண்டோஸ் தன் பிறப்பு இறப்பையெல்லாம் நேரம் போட்டு அங்கே எழுதி வைக்கிறது. பார்க்க வேண்டியவை நான்கு எண்கள். 1074 என்றால் யாரோ, அல்லது ஏதோ ஒரு புரோகிராம், சொல்லித்தான் ரீஸ்டார்ட் ஆனது. யார் சொன்னது என்பதும் அந்த வரியிலேயே இருக்கும். 1001இல் 'பக்செக்' என்ற சொல் இருந்தால் விண்டோஸ் நீலத் திரை காட்டி விழுந்திருக்கிறது. 6008 என்றால் போன தடவை முறையாக மூடப்படவில்லை. 41 என்பதும் அதே செய்திதான், கொஞ்சம் விவரமாக. அந்த 41ஐத் திறந்து 'பக்செக் கோட்' என்ற இடத்தில் 0 இருக்கிறதா என்று பாருங்கள். 0 இருந்தால் விண்டோஸுக்கே என்ன நடந்தது என்று தெரியாது. பெரும்பாலும் கரண்ட் நின்றிருக்கிறது, இல்லையென்றால் மெஷின் உறைந்து யாரோ பட்டனை அழுத்தியிருக்கிறார்கள்.

41ம் 0வும் வரிசையாக இருக்கும் கம்ப்யூட்டருக்கு ஃபார்மட் போடுவது வீண்செலவு. என் தீர்ப்பு இதுதான், மற்றதெல்லாம் இதற்கு விளக்கம்.

இன்னொன்றையும் சேர்த்துச் செய்யலாம். நீலத் திரை வந்தாலும் நம் கண்ணில் படாதபடி விண்டோஸ் உடனே ரீஸ்டார்ட் ஆகும். அது பிறவியிலேயே அப்படி வைக்கப்பட்டது. 'ஸ்டார்ட்டப் அண்ட் ரெக்கவரி' என்ற இடத்தில் 'ஆட்டோமேட்டிக்கலி ரீஸ்டார்ட்' டிக்கை எடுத்துவிட்டால் நீலத் திரை அப்படியே நிற்கும். போனில் படம் பிடித்து சர்வீஸ் ஆளுக்கு அனுப்பலாம். டிக்கை எடுத்தபின்னும் திரையே காட்டாமல் ரீஸ்டார்ட் ஆனால் சந்தேகமே வேண்டாம், கரண்ட் பக்கம் போங்கள்.

அங்கே போனதும் எல்லா ஆபீஸிலும் வரும் கேள்வி: "லைட்டு அணையலையே தம்பி, சிஸ்டம் மட்டும் ஏன் போச்சு?"

நம் கரண்ட் விநாடிக்கு 50 சுற்று. ஒரு சுற்றுக்கு 20 மில்லி விநாடி. கம்ப்யூட்டருக்குள் இருக்கும் எஸ்எம்பிஎஸ் என்ற பவர் சப்ளைப் பெட்டி, வெளியே கரண்ட் நின்றாலும் தன் கெப்பாசிட்டரில் தேக்கியதை வைத்துச் சுமார் 16 மில்லி விநாடி தாக்குப்பிடிக்கும்படி செய்யப்படுவது. ஒரே ஒரு சுற்று முழுதாக விட்டுப்போனால் போதும், கணக்கு 4 மில்லி விநாடி இடிக்கிறது. மலிவு எஸ்எம்பிஎஸ், அதுவும் வயதானது, அந்தப் பதினாறையும் தராது. எல்இடி பல்புகளில் பலவும் 100 வோல்ட்டில் கூட எரியும். அரை விநாடி தாழ்ந்தாலும் கண்ணுக்கு ஒரு சிமிட்டல், அவ்வளவுதான். லைட் அணையவில்லை என்பது சாட்சியமே ஆகாது.

விதிப்படி நமக்கு வர வேண்டியது 230 வோல்ட், கூடக் குறைய 6 சதவீதம். 216இலிருந்து 244 வரை. 400 ரூபாய் மல்டிமீட்டர் ஒன்றை வாங்கி, காலை 10 மணிக்கும், மதியம் எல்லோரும் ஏசி போட்டிருக்கும்போதும், சாயங்காலம் விளக்கேற்றும் நேரத்திலும் ஒரு பிளக்கில் வைத்துப் பாருங்கள். நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் நடுவிலும் ஒரு தடவை வையுங்கள். இரண்டு வோல்ட்டுக்குள் இருந்தால் நல்லது. கேபினெட்டைத் தொட்டால் 'சுர்'ரென்று இருக்கிறது என்று ஆபீஸில் யாராவது சொன்னால் அந்த எர்த் எங்கேயும் போய்ச் சேரவில்லை. எஸ்எம்பிஎஸ்ஸின் வடிகட்டிக் கெப்பாசிட்டர்கள் 230ஐப் பாதியாக்கி 115 வோல்ட்டைக் கேபினெட்டில் நிறுத்தி வைத்திருக்கின்றன. ஆம்பியர் சொற்பம் என்பதால் தப்பிக்கிறோம்.

ஏசி கம்ப்ரசர் கிளம்பும்போது ஓடும் கரண்டைப் போல ஐந்தாறு மடங்கு இழுக்கும். 7 ஆம்பியரில் ஓடும் பழைய ஏசி, கிளம்பும் கணத்தில் 35, 40 ஆம்பியர் கேட்கும். அதே லைனில் கம்ப்யூட்டர் இருந்தால், அல்லது நடுவில் ஒரு பிளக் லூசாக இருந்தால், விழுவது யார் என்று சொல்ல வேண்டுமா? சோதிக்க ஒரு நோட்டுப் புத்தகம் போதும். ரீஸ்டார்ட் ஆன நேரம், அப்போது எது ஓடியது, ஒரு கம்ப்யூட்டரா எல்லாமுமா, இந்த மூன்றையும் இரண்டு வாரம் எழுதினால் பாதி வழக்கு தீர்ந்துவிடும். எல்லாமும் ஒன்றாக விழுந்தால் லைன். ஒன்று மட்டும் என்றால் அதன் பெட்டிக்குள், அல்லது அதன் யுபிஎஸ்ஸில்.

யுபிஎஸ்ஸுக்கு வருவோம். மேஜைக்கடியில் கால் படும் இடத்தில் தூசியோடு கிடக்கும் 600 விஏ பெட்டி. உள்ளே 12 வோல்ட், 7 ஆம்பியர் மணி பேட்டரி ஒன்று. பெருக்கினால் 84 வாட் மணி. கம்ப்யூட்டரும் மானிட்டரும் சேர்ந்து 100 வாட் என்றால் 50 நிமிடம் வர வேண்டும் என்று தோன்றும், வராது. வேகமாக இழுத்தால் அந்த வகை பேட்டரி தன் கொள்ளளவில் ஏறத்தாழ அறுபது சதவீதம்தான் தரும், இன்வெர்ட்டர் சுற்று கொஞ்சம் தின்னும். புதுப் பேட்டரியில் 20 நிமிடம் கிடைத்தால் பெரிது. அதுவும் முதல் வருடத்தில்.

இந்த பேட்டரிகளின் ஆயுள் 25 டிகிரி செல்சியஸை வைத்துச் சொல்லப்படுவது. 10 டிகிரி கூடினால் ஆயுள் பாதியாகும் என்பது பொது விதி. சித்திரை வெயிலில் ராஜபாளையத்தில் ஏசி இல்லாத அறையின் மேஜைக்கடியில் 35 டிகிரி சாதாரணம். அட்டையில் நாலு வருடம் என்று போட்டிருந்தால் இங்கே இரண்டு. ஆனால் பேட்டரி செத்த செய்தி நமக்குத் தெரிவதில்லை, ஏனென்றால் கரண்ட் இருக்கும்வரை யுபிஎஸ் பச்சை விளக்கோடுதான் நிற்கும். கரண்ட் ஒரு நொடி போனதும் பேட்டரிக்கு மாறப் பார்க்கும், பேட்டரியில் ஒன்றும் இருக்காது, கம்ப்யூட்டர் விழும். கரண்ட் திரும்பும். 'கரண்ட் வந்தால் தானே ஆன் ஆகு' என்று பயாஸில் வைத்திருந்தால் கம்ப்யூட்டர் எழுந்து நிற்கும். பார்ப்பவர் கண்ணுக்கு அது 'தானாக ரீஸ்டார்ட்'. மதிய இடைவேளையில் எல்லாவற்றையும் சேமித்துவிட்டு, யுபிஎஸ்ஸின் சுவிட்சை அணைத்துப் பாருங்கள். ஐந்து நிமிடம் நிற்காத பேட்டரிக்கு 1,000 ரூபாய்க்கு மாற்று கிடைக்கிறது. (விலைகள் எல்லாம் தோராயம், கடைக்குக் கடை மாறும்.)

ஸ்ரீவில்லிபுத்தூரில் இதே நோய்க்கு இன்னொரு முகம். மாவட்டத்தின் பெயர் விருதுநகர் என்றாலும் முதன்மை மாவட்ட நீதிமன்றம் இருப்பது ஸ்ரீவில்லிபுத்தூரில்தான். கோர்ட் இருக்கும் ஊரில் மனு அடிக்கிறவர்கள், பத்திரம் எழுதுகிறவர்கள், ஜெராக்ஸ் கடைகள் கூட்டமாக இருக்கும். ஒரு சின்ன அறை, ஒரு கம்ப்யூட்டர், ஒரு லேசர் பிரிண்டர், ஒரே ஒரு யுபிஎஸ். கரண்ட் போனாலும் பிரிண்ட் எடுக்க வேண்டும் என்று பிரிண்டரையும் யுபிஎஸ்ஸின் பின்னாலேயே சொருகியிருப்பார்கள்.

லேசர் பிரிண்டர் சும்மா இருக்கும்போது பத்து வாட் கூட எடுக்காது. பிரிண்ட் கொடுத்ததும் மையை உருக்கும் உருளை சூடாக வேண்டும். அப்போது 800இலிருந்து 1,000 வாட் வரை கேட்கும். 600 விஏ யுபிஎஸ் தரக்கூடியது 360 வாட். கம்ப்யூட்டர் ஏற்கெனவே 100ஐ எடுத்துக்கொண்டிருக்கிறது. மீதி 260இல் ஆயிரத்தைக் கேட்டால் யுபிஎஸ் என்ன செய்யும், கையை விரிக்கும். மனு முழுதும் அடித்து முடித்து, பிரிண்ட் கொடுத்த நொடியில் கம்ப்யூட்டர் இருண்டு போவது ராசியில்லாத நேரத்தால் அல்ல. 1,000இலிருந்து 360ஐக் கழிக்கத் தெரிந்தால் போதும். பிரிண்டரை நேராகச் சுவர் பிளக்கில் சொருகினால் தீர்ந்தது. செலவு பூஜ்யம். முத்திரைத்தாள் பாதி அச்சாகி நின்றிருந்தால் அதன் விலையும் பற்றில் ஏறும். கெட்டுப்போன முத்திரைத்தாளுக்கு 6 மாதத்துக்குள் விண்ணப்பித்துப் பணம் திரும்பப் பெற முத்திரைச் சட்டத்தில் வழி இருக்கிறது. ஒரு தாளுக்காக அந்தப் படி ஏறுகிறவர் எத்தனை பேர் என்பது உங்களுக்கே தெரியும்.

அறிவித்துவிட்டு வரும் மின்தடை இந்தக் கணக்கில் சேராது. மாதாந்திரப் பராமரிப்பு என்று பேப்பரில் முந்தின நாளே போடுகிறார்கள். ஸ்ரீவில்லிபுத்தூர் ஆடிப்பூரத் தேரோட்டத்தில் தேர் அசையும் வீதிகளில் மின்சாரத்தை நிறுத்துவார்கள். அன்றைக்கு மாவட்டத்துக்கே உள்ளூர் விடுமுறை, ஆபீஸே கிடையாது. தொல்லை தருவது ஆடிக் காற்றில் கிளை கம்பியில் உரசி, அரை விநாடி போய் வருகிற கரண்ட்தான். அதை யாரும் பேப்பரில் போட முடியாது.

யுபிஎஸ்ஸுக்குப் பதில் பல ஆபீஸ்களில் இருக்கும் இன்வெர்ட்டருக்கு ஒரு சரித்திரம் இருக்கிறது. 2008 முதல் 2014 வரை தமிழ்நாடு பட்ட பாடு நினைவிருக்கும். 2012இல் பற்றாக்குறை சுமார் 4,000 மெகாவாட். சென்னைக்கு வெளியே நாளொன்றுக்குப் பத்து மணி நேரத்துக்கு மேல் கரண்ட் இல்லாத நாட்கள் இருந்தன. அந்த வருடங்களில் கிடைத்த இன்வெர்ட்டரைக் கிடைத்த விலைக்கு வாங்கி ஆபீஸ் முழுவதையும் அதில் கோத்தார்கள். கரண்ட் நிலைமை மாறிவிட்டது. பல இடங்களில் அந்த வயரிங் மாறவில்லை, சில இடங்களில் அந்தப் பெட்டியே மாறவில்லை.

மலிவு இன்வெர்ட்டரில் வருவது சதுர அலை. ஃபேனும் லைட்டும் அதைப் பொருட்படுத்தாது. கம்ப்யூட்டர் பொருட்படுத்தும், இப்படி: மின்வாரியம் தரும் 230 வோல்ட்டின் உச்சம் 325 வோல்ட். எஸ்எம்பிஎஸ்ஸின் கெப்பாசிட்டர் அந்த உச்சம் வரை நிரம்பும். சதுர அலையில் உச்சமும் 230தான். கெப்பாசிட்டரில் தேங்கும் ஆற்றல் வோல்ட்டின் வர்க்கத்தைப் பொறுத்தது. 230ஐ 325ஆல் வகுத்து வர்க்கம் எடுத்தால் சரியாகப் பாதி. ஆக இன்வெர்ட்டரில் ஓடும் கம்ப்யூட்டர் எந்நேரமும் அரைக் குடத்தோடு நிற்கிறது. அதனால்தான் கரண்ட் போகும்போது தப்பித்த மெஷின், கரண்ட் திரும்பி வரும்போது விழுகிறது. "கரண்ட் வந்தவுடனே ஆஃப் ஆகுது சார்" என்று சொல்பவரைக் கேலி செய்யாதீர்கள். அவர் சொல்வது மெய்.

இன்வெர்ட்டரின் பின்புறம் ஒரு சின்ன சுவிட்ச் இருக்கலாம்: 'நார்மல்', 'யுபிஎஸ்'. நார்மலில் இருந்தால் மாறுவதற்கு 20 முதல் 40 மில்லி விநாடி எடுத்துக்கொள்ளும். யுபிஎஸ் பக்கம் தள்ளினால் 10ஐ ஒட்டி வரும். 16க்கு முன்னால் 10 தப்பும், 40 தப்பாது. விரல் நுனியில் தீரக்கூடிய இந்த விஷயத்துக்கு எத்தனை ஃபார்மட் போடப்பட்டிருக்குமோ!

பெட்டிக்குள் போவோம். மில் ஆபீஸில் ஓடிய கேபினெட்டைத் திறந்தால் பிராசசர் மேலிருக்கும் ஃபேனுக்கும் உலோகத் தகடுகளுக்கும் நடுவில் சாம்பல் நிறத்தில் ஒரு படலம் ஒட்டியிருக்கும். தூசி என்று ஊதினால் பறக்காது. பஞ்சு இழைகள் ஒன்றோடொன்று பின்னி, மெத்தென்று, நகத்தால் உரித்தால் துணி போல முழுசாகக் கையோடு வரும். ஃபேன் சுற்றிக்கொண்டுதான் இருக்கும். காற்று மட்டும் போகாது. இன்டெல் பிராசசர்களில் பலவும் 100 டிகிரி செல்சியஸை ஒட்டியதும் வேகத்தைக் குறைத்துக்கொள்ளும், அதற்கும் மேலே போனால் உயிரைக் காப்பாற்றிக்கொள்ள மொத்தமாக அணைந்துவிடும். கவனியுங்கள், சூட்டால் போகும் மெஷின் பெரும்பாலும் அணைந்தே கிடக்கும். உடனே போட்டால் மறுபடி அணையும். அரை மணி கழித்துப் போட்டால் ஓடும். பட்டென்று போய்ப் பட்டென்று வருவதற்கும் இதற்கும் வித்தியாசம் உண்டு. சுத்தம் செய்து, பிராசசர் மேல் காய்ந்த தெர்மல் பேஸ்ட்டைத் துடைத்துப் புதிது தடவ ஒரு கம்ப்யூட்டருக்கு 300 ரூபாய். மில் அறையில் வருடம் இரண்டு முறை, மற்ற இடத்தில் ஒரு முறை. சுத்தம் செய்கிறவர் முகத்தில் துணி கட்டிக்கொள்ளட்டும். பஞ்சுத் தூசி நுரையீரலுக்கு என்ன செய்யும் என்று இந்த ஊருக்குத் தெரியும்.

எஸ்எம்பிஎஸ் தர வேண்டியது 12 வோல்ட், 5 வோல்ட், 3.3 வோல்ட், ஐந்து சதவீதம் இப்படியோ அப்படியோ போகலாம். 12 என்பது 11.4க்குக் கீழே இறங்கக் கூடாது. மதர்போர்டில் நிற்கும் உருளைக் கெப்பாசிட்டர்களின் தலை தட்டையாக இருக்க வேண்டும். உப்பியிருந்தால், பழுப்பாகக் கசிந்திருந்தால் அது முடிந்த கதை. இந்த உப்பலுக்கு உலகளவில் ஒரு காலமே இருந்தது. 2000களின் முதல் பாதியில் தயாரான கோடிக்கணக்கான கெப்பாசிட்டர்கள் கெட்ட திரவத்தால் வீங்கின. டெல் நிறுவனம் 2005இல் இதற்காக 30 கோடி டாலரை ஒதுக்க வேண்டிவந்தது. அவ்வளவு பெரிய கம்பெனிக்கே நடந்தது. 600 ரூபாய் எஸ்எம்பிஎஸ்ஸில் நடக்காது என்று நினைக்க வேண்டாம். 2,200 ரூபாய்க்குப் பேர் சொல்லும் எஸ்எம்பிஎஸ் கிடைக்கிறது, வித்தியாசம் 1,600. ஒரு கம்ப்யூட்டரின் மாத நஷ்டமே 750 என்று மேலே போட்ட கணக்கு சொல்கிறது. இரண்டு மாதம் தாண்டினால் முதல் திரும்பிவிட்டது.

ரேம் பற்றிச் சுருக்கமாக. கழற்றி, அதன் தங்கப் பூச்சுப் பற்களை 5 ரூபாய் ரப்பரால் தேய்த்து மாட்டும் வைத்தியம் நம்மூர் மெக்கானிக்குகள் எல்லோருக்கும் தெரியும், பல நேரம் பலிக்கவும் செய்கிறது. பலிக்காவிட்டால் விண்டோஸிலேயே மெமரி சோதனை இருக்கிறது. இரவு போட்டுவிட்டுப் போகலாம். ரேமோ பிராசசரோ, ஒருமுறைதானே விழுந்தது என்று மறந்துவிடவும் கூடாது. மைக்ரோசாஃப்ட் ஆய்வாளர்கள் 2011இல் சுமார் 10 லட்சம் சாதாரணக் கம்ப்யூட்டர்களின் விழுந்த கணக்கை எடுத்தார்கள். 8 மாத காலத்தில் 30 நாளாவது முழுதாக ஓடிய மெஷின், பிராசசர் பக்கக் கோளாறால் விழும் வாய்ப்பு 190இல் 1. ஒருமுறை விழுந்தது இரண்டாம் முறை விழும் வாய்ப்போ ஏறத்தாழ 3இல் 1. முதல் விழுதலை மறந்துவிடலாம் என்கிறவர்கள் இந்த இரண்டு எண்களையும் அருகருகே வைத்துப் பார்க்க வேண்டும்.

சில ரீஸ்டார்ட்டுகளுக்குக் கரண்டும் காரணமில்லை, பெட்டியும் காரணமில்லை. 1074 என்று பதிவாகியிருந்தால் நேரத்தைப் பாருங்கள். மைக்ரோசாஃப்ட் மாதத்தின் இரண்டாம் செவ்வாயில் அப்டேட் விடுகிறது; அங்கே காலை 10 மணி, நமக்கு இரவு பத்தரை அல்லது பதினொன்றரை. நம் ஆபீஸ் அதைச் சந்திப்பது புதன்கிழமை. மாதத்துக்கு ஒரு புதனோ வியாழனோ மட்டும் தானாக ரீஸ்டார்ட் ஆகிறது என்றால் மர்மம் ஒன்றுமில்லை. 'ஆக்டிவ் ஹவர்ஸ்' என்ற இடத்தில் 18 மணி நேரம் வரை குறித்து வைக்கலாம். காலை 8 முதல் இரவு 10 வரை என்று வைத்தால் 14தான் ஆகிறது, மீதி இரவில் அது தன் வேலையைப் பார்த்துக்கொள்ளும். அப்டேட்டையே நிறுத்திவைக்கும் ஆட்கள் இருக்கிறார்கள். அவர்களுக்கு 2003 ஆகஸ்ட்டை ஞாபகப்படுத்த வேண்டும். 'பிளாஸ்டர்' என்ற புழு விண்டோஸ் எக்ஸ்பி மெஷின்களில் புகுந்து 60 விநாடி கவுன்ட்டவுன் காட்டி ரீஸ்டார்ட் செய்தது. அதற்கான அப்டேட் அதே வருடம் ஜூலையிலேயே வந்துவிட்டது. போடாதவர்கள் மாட்டினார்கள். மறு வருடம் 'சாசர்' வந்து அதே அறுபது விநாடியை மறுபடி காட்டியது.

மறுபக்கமும் சொல்ல வேண்டும். 2018 ஜனவரியில் பாதுகாப்புக்கென்று வந்த இன்டெல் அப்டேட்டே சில மெஷின்களை ரீஸ்டார்ட் செய்ய, ஜனவரி 22ஆம் தேதி அதைப் போடாதீர்கள் என்று இன்டெல்லே சொன்னது. 2024 ஜூலை 19 வெள்ளிக்கிழமை, நம் நேரம் காலை 9.39க்கு கிரவுட்ஸ்ட்ரைக் என்ற பாதுகாப்பு மென்பொருள் நிறுவனம் அனுப்பிய ஒரு சின்ன ஃபைல் உலகம் முழுக்க 85 லட்சம் விண்டோஸ் மெஷின்களை நீலத் திரையில் தள்ளியது. 78 நிமிடத்தில், 10.57க்கு, திரும்பப் பெற்றுவிட்டார்கள்; ஆனால் விழுந்தவை விழுந்து எழுந்து விழுந்துகொண்டே இருந்தன, ஒவ்வொன்றாகக் கையால் எடுத்துவிட வேண்டியிருந்தது. இந்திய விமான நிலையங்களில் போர்டிங் பாஸைப் பேனாவால் எழுதிக் கொடுத்தார்கள். காரணம் என்ன என்று பின்னர் அறிக்கை வந்தது: 20 உள்ளீடு வருகிற இடத்தில் புரோகிராம் 21ஆவதைத் தேடிப் போயிருக்கிறது. ஒன்று கூடிப்போனதற்கு அத்தனை அமளி. விலை கூடிய அந்தப் பாதுகாப்பைப் பெரிய நிறுவனங்கள்தான் வாங்குகின்றன. ரதவீதிப் பத்திர எழுத்தருக்கு அன்றைக்கு அந்த வகையில் நஷ்டம் 0.

பழுதுக்கு ஒதுக்க வேண்டியதை இப்போது எழுதலாம். அதே 10 கம்ப்யூட்டர் ஆபீஸ்:

யுபிஎஸ் பேட்டரி 10, தலா 1,000: ரூ. 10,000
எஸ்எம்பிஎஸ் 3, தலா 2,200: ரூ. 6,600
சுத்தமும் பேஸ்ட்டும் 10, தலா 300: ரூ. 3,000
எலெக்ட்ரீஷியன் (ஏசிக்குத் தனி லைன், லூசான பிளக், எர்த்): ரூ. 6,000
மல்டிமீட்டர் 1: ரூ. 400
பிரிண்டர் பிளக் மாற்றம், இன்வெர்ட்டர் சுவிட்ச், ஆக்டிவ் ஹவர்ஸ்: ரூ. 0
மொத்தம்: ரூ. 26,000

மாதம் 7,500 நஷ்டம் அடியோடு நின்றால் மூன்றரை மாதத்தில் போட்ட பணம் வந்துவிடும். ஐந்தில் நாலு பங்கு நின்றால் மாதம் 6,000. நாலரை மாதத்துக்குள் வந்துவிடும். இதற்கு மாற்றாகப் பலர் செய்வது பத்தையும் தூக்கிவிட்டுப் புதிது வாங்குவது. 2025 அக்டோபர் 14 அன்று விண்டோஸ் 10க்கு ஆதரவு நின்றதும் கடைக்காரர்களுக்கு அது நல்ல சாக்கு. தலா 35,000 என்றால் மூன்றரை லட்சம். அதே 7,500ஆல் வகுத்தால் 46 மாதத்துக்கு மேல். அதே லூசான பிளக்கில், அதே செத்த யுபிஎஸ்ஸில் மாட்டினால் புது மெஷினும் ஆடி மாதம் விழும்.

ஜிஎஸ்டி தேதிகளைப் பலர் பெரிய பூதமாகச் சொல்வார்கள். மாதந்தோறும் போடும் 3பி ரிட்டர்னுக்குக் கடைசி நாள் 20. அன்றிரவு சிஸ்டம் போய் ஒரு நாள் தள்ளினால், 1 லட்சம் வரி கட்ட வேண்டியவருக்கு 18 சதவீத வட்டி 49 ரூபாய், தாமதக் கட்டணம் 50. ஆக 99. தனி ஆளுக்குச் சின்னத் தொகை. 60 பேருக்கு ரிட்டர்ன் போடும் ஆடிட்டர் ஆபீஸில் தாமதக் கட்டணம் மட்டும் 3,000, அதைவிட அந்த 60 போன் கால்கள். டாலியில் அக்செப்ட் கொடுத்த வவுச்சர் பத்திரமாக இருக்கும், அடித்துக்கொண்டிருந்தது மட்டும் போகும். ஆனால் திரும்பத் திரும்பப் பாதியில் விழுந்தால் டேட்டாவே சிதையலாம். வேர்டு தானாகச் சேமித்துக்கொள்வது 10 நிமிடத்துக்கு ஒருமுறை. அதை 2 என்று மாற்றி வையுங்கள். மனு அடிக்கிறவருக்கு அந்த 8 நிமிடம் ஒரு பக்கம்.

புதுப் பேட்டரி மாட்டும்போது அதன் பக்கவாட்டில் மாதத்தையும் வருடத்தையும் மார்க்கரால் எழுதிவிடுங்கள். பழையதைக் குப்பையில் போட வேண்டாம்; 2022இன் பேட்டரிக் கழிவு விதிகளின்படி அது திரும்பிப் போக வேண்டிய பொருள். ஒன்று 2 கிலோ எடை, பெரும்பகுதி ஈயம். பத்துக்கு 20 கிலோ. கிலோ 80 என்று வைத்தாலும் 1,600 ரூபாய். இந்தக் கணக்கில் வரவுப் பக்கத்தில் ரொக்கமாக எழுதக் கூடியது அது ஒன்றுதான், கடையில் மறக்காமல் கேட்டு வாங்குங்கள்.